பாதி சொன்ன வேலை: குமரி மாவட்ட வேலையிடங்களில் ஆட்டிசம், ஏடிஹெச்டி, டிஸ்லெக்சியா

“மக்கா, அத அங்க கொண்டு வச்சிட்டு இதக் கொஞ்சம் பாத்துக்க, இப்பம் வாறேன்.” நாகர்கோவில் துணிக்கடையிலும் கருங்கல் ஊர்ப் பக்கத்து அண்டி ஆபீசிலும் (முந்திரித் தொழிற்சாலை) சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. ‘அது’ எது, ‘அங்க’ எங்கே, ‘பாத்துக்க’ என்றால் காவல் நிற்பதா, எண்ணிவைப்பதா, ஆள் வந்தால் விற்பதா, ‘இப்பம்’ ஐந்து நிமிடமா ஒரு மணி நேரமா? எதுவும் அதில் இல்லை. சொன்னவரின் கண் போன திசை, நேற்று நடந்தது, கடையின் வழக்கம் இவற்றை வைத்துப் பலரும் மீதியை நிரப்பிக்கொள்கிறார்கள். சிலருக்கு அது எளிதல்ல. ஆட்டிசம் (மறைமுகக் குறிப்புகளைப் பிடிப்பதும் திடீர் மாற்றங்களும் கடினமாகும் நிலை) உள்ளவருக்குச் சொல்லாமல் விட்ட பகுதி பெரும்பாலும் இல்லாத பகுதிதான். ஏடிஹெச்டி (கவனத்தை நிலைநிறுத்துவது கடினமாகும் நிலை) உள்ளவருக்கு, வாய்வழியாக வந்த மூன்று வேலைகளில் முதலாவதைச் செய்து முடிப்பதற்குள் மற்ற இரண்டும் நழுவியிருக்கும். டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிக்கல்) உள்ளவருக்கு வேலை புரிந்திருக்கும். பெட்டியில் ஒட்டிய சீட்டை வாசிக்கும் இடத்தில் தடுக்கும்.

இவர்களுக்கு ஆதரவு என்றதும் முதலாளிகள் மனத்தில் வருவது இரக்கம், சலுகை, செலவு. நடைமுறையில் அந்த ஆதரவின் பெரும்பகுதி பாதி சொல்லி விட்ட வேலையை முழுதாகச் சொல்லிக் கொடுப்பதுதான். சத்தம், வெளிச்சம், நேரம் ஆகியவற்றில் செய்யும் மாற்றங்கள் அதற்கு அடுத்தவை. முதலாவதைச் செய்யாமல் விலையுயர்ந்த ஹெட்போன் வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை.

மருத்துவச் சான்று வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பதும் சரிப்படாது. 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே சொன்னது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் இல்லை. இன்று முப்பது, நாற்பது வயதில் வேலை பார்ப்பவர்கள் படித்த காலம் அது. வகுப்பில் ‘மந்தம்’, ‘சேட்டை’, ‘ஒரு மாதிரி’ என்ற பெயர்களைத்தான் அவர்கள் வாங்கியிருப்பார்கள்; சான்று வாங்கியிருக்க மாட்டார்கள். ஒருவரிடமே ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் சேர்ந்திருப்பதும், டிஸ்லெக்சியாவோடு கணக்கில் தடுமாறும் டிஸ்கால்குலியா இருப்பதும், கை கால் ஒத்திசைவில் சிக்கல் தரும் டிஸ்பிராக்சியா கூடவே வருவதும் சாதாரணம். ஆகவே ‘இவருக்கு என்ன நோய்?’ என்ற கேள்வியை மருத்துவரிடம் விட்டுவிடலாம். மேற்பார்வையாளர் கேட்க வேண்டியது, ‘இந்த வேலையின் எந்தப் படியில் தடுக்கிறது?’ என்பதை.

வேலையை எழுதுவது எப்படி

முந்திரிப் பருப்பைத் தரம் பிரிக்கும் மேசையை எடுத்துக்கொள்வோம். முழுப் பருப்பின் தரம் ஒரு பவுண்டில், அதாவது சுமார் 454 கிராமில், எத்தனை பருப்பு நிற்கிறது என்பதை வைத்து முடிவாகிறது. டபிள்யூ 180, 210, 240, 320, 450 என்று எண் ஏற ஏறப் பருப்பு சிறுக்கும். டபிள்யூ 320 என்றால் பவுண்டுக்கு 300 முதல் 320 வரை. மேசையில் புதிதாக உட்காருபவருக்கு இதை யாரும் சொல்வதில்லை. “பெருசு ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம், அந்தாலப் பாத்துப் பாத்து வரும்” என்பதோடு பயிற்சி முடிந்துவிடும். பலருக்கு உண்மையிலேயே பார்த்துப் பார்த்து வந்துவிடுகிறது. ஆட்டிசம் உள்ள தொழிலாளிக்கு அங்கே நடப்பது வேறு. இரண்டு தரத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு பருப்பைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் அது சோம்பல்.

இதற்கு வேண்டியவை நான்கு. ஒன்று, மாதிரித் தட்டு: மூடியுள்ள சிறு கண்ணாடிப் பெட்டியில் ஒவ்வொரு தரத்திலும் ஐந்து பருப்பு, மேலே தரத்தின் எண். பருப்பு நாள்பட்டால் நிறம் மாறும், வண்டு வரும்; வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாத மாதிரியைப் பார்த்துத் தரம் பிரித்தால் நிறக்கணக்கு தப்பும். இரண்டு, விதிவிலக்கு விதி: எவ்வளவு தோல் ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்புவது, எவ்வளவு கரிந்தால் தனியே போடுவது என்பதற்கும் மாதிரி வேண்டும், ‘கொஞ்சம்’ என்ற சொல் அங்கே உதவாது. மூன்று, சந்தேகத் தட்டு: முடிவு வராத பருப்பை அதில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். மேற்பார்வையாளர் மணிக்கொருமுறை வந்து அதைப் பிரித்துத் தருவார். இந்த ஒரு தட்டு வந்தாலே வேகம் கூடும். நான்கு, தானே சரிபார்க்கும் வழி: பிரித்ததில் 454 கிராம் நிறுத்து எண்ணிப் பார்ப்பது. எண்ணிக்கை வரம்புக்குள் வந்தால் வேலை சரி. ‘இன்னைக்கு மேடம் முகம் சரியில்லையே, நம்ம வேலை மோசமோ’ என்ற ஊகத்துக்கு இடமிருக்காது.

கூலி எடைக்கணக்கில் இருந்தால் கற்றுக்கொள்ளும் காலம் தண்டனையாகிவிடும். முதல் ஆறு வாரமாவது நாள்கூலியாக வைத்து, பிறகு எடைக்கணக்குக்கு மாற்றுவது நல்லது. எந்தக் கணக்கில் கொடுத்தாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. ‘வேலை பழகுது, சாப்பாடு போட்டாப் போதும்’ என்பது ஆதரவு ஆகாது.

வேலை அட்டை எழுதுவதும் இதே முறைதான். நன்றாக வேலை தெரிந்த ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று இரண்டு முறை பாருங்கள். அவர் சொல்வதை விட்டுவிட்டு அவர் கை செய்வதை எழுதுங்கள். அனுபவசாலிகள் தாங்கள் செய்வதில் பாதியைச் சொல்ல மறந்துவிடுவார்கள். ஒரு வரியில் ஒரே வினை. அட்டைக்குப் பத்து வரிக்கு மேல் வேண்டாம். நீண்டால் இரண்டு அட்டை. வேலை முடிந்தது என்பதற்கு அடையாளம் கட்டாயம்: ‘அலமாரியைச் சுத்தம் செய்’ என்பதற்குப் பதில் ‘நான்கு தட்டுகளையும் ஈரத்துணியால் துடை, சேலைகளை நிற வரிசையில் அடுக்கு, கீழ்த்தட்டில் பை எதுவும் இல்லையென்றால் முடிந்தது.’ கடைசி வரியில், சிக்கினால் யாரைக் கேட்பது, அவர் இல்லையென்றால் அடுத்தது யார் என்று இருவர் பெயர் இருக்க வேண்டும். அட்டைகள் பெரும்பாலும் தோற்பது இந்த இரண்டாவது பெயர் இல்லாததால்தான். முதலாமவர் கல்யாணத்துக்குப் போன நாளில் எல்லாம் நின்றுவிடும். எழுதி முடித்ததும் அந்த வேலையே தெரியாத ஒருவர் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கெல்லாம் திரும்பிப் பார்க்கிறாரோ அங்கெல்லாம் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

உடல்வேலைக்கும் இது பொருந்தும். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு விடியலில், பேச்சில்லாமல், ஒரே ஒழுங்கில் நடக்கும் வேலை. கூட்டமும் அரட்டையும் ஒத்துக்கொள்ளாதவருக்கு அது வசதி. ஆனால் கை ஒத்திசைவில் சிக்கல் உள்ளவருக்கு அபாயமும் அதில்தான் இருக்கிறது. வெட்டு சுமார் 30 டிகிரி சரிவில் போக வேண்டும். ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் போக வேண்டும். உள்ளே வளர்படலத்துக்கு (பட்டைக்குள் மரம் வளரும் மெல்லிய அடுக்கு) ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே கத்தி நிற்க வேண்டும். ஆழம் தப்பினால் மரத்தில் காயம். ஆறிய பட்டை முண்டு முண்டாக எழும். அடுத்த சுற்றில் அங்கே வெட்டவே முடியாது. ‘பதமா வெட்டு’ என்று சொல்லிக் கொடுக்காமல், சரிவைத் தகர அச்சு வைத்து மரத்தில் கோடாக வரைந்து கொடுங்கள். ஆழத்தைப் பழக, வெட்டி அகற்றப்போகும் பழைய மரத்தில் இரண்டு வாரம் விடுங்கள். அதன் பிறகும் ஆழம் நிலைக்கவில்லையென்றால் பால் எடுப்பது, உறைய வைப்பது, ஷீட் அடிப்பது என்று வேறு வேலை இருக்கிறது. அங்கே அமிலம் கலக்கும் அளவுக்குக் குறி போட்ட குவளை கொடுக்க வேண்டும், கண்ணளவு கூடாது.

எழுத்து

தமிழில் வாசிப்புச் சிக்கல் உள்ளவர் எங்கே தடுமாறுவார் என்பது எழுத்திலேயே தெரியும். கெ, கே, கை ஆகியவற்றில் உயிரொலி பின்னால் வந்தாலும் குறி முன்னால் நிற்கிறது. கொ, கோ, கௌ ஆகியவற்றில் குறி இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. ர–ற, ல–ள–ழ, ந–ன–ண வேறுபாடு பேச்சில் மங்கியும் எழுத்தில் கண்டிப்பாகவும் இருக்கிறது. வேகமாகப் பில் எழுதும் இடத்தில் 6-க்கு 9, 1,540-க்கு 1,450 என்று இடம் மாறும். அவர் கவனிக்காததால் நடப்பதல்ல இது. ‘கவனமா எழுது’ என்று பத்துத் தடவை சொன்னாலும் குறையாது. பயத்தில் கூடத்தான் செய்யும்.

செய்யக்கூடியவை எளியவை. கையெழுத்துச் சீட்டு வேண்டாம், அச்சுச் சீட்டு. எழுத்து 14 புள்ளி அளவு, வரி இடைவெளி ஒன்றரை, இடப்பக்கம் மட்டும் நேராக. இரு பக்கமும் இழுத்துச் சமன் செய்தால் சொற்களுக்கிடையே ஓட்டை விழுந்து கண் வழுக்கும். சரக்குக்குப் பெயரோடு ஒரு நிறம், ஒரு படம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. சிவப்பு–பச்சை பிரித்தறியாத ஆண்களும் கடையில் இருப்பார்கள். நீளமான எண்ணை 98 40 17 என்று இரண்டிரண்டாகப் பிரித்து அச்சிடுவது. மருந்துக்கடை, லேப் போன்ற இடங்களில் பெயர் ஒத்த மருந்துகளைப் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் வைக்காமல், பார்கோடு ஸ்கேன் செய்து உறுதிப்படுத்துவது. இது டிஸ்லெக்சியா இல்லாதவர்களின் பிழையையும் பிடிக்கும். நீண்ட வாட்ஸ்அப் செய்தியைக் கைப்பேசியே தமிழில் வாசித்துக் காட்டும் வசதி ஆண்ட்ராய்டில் இருக்கிறது. அமைப்பில் போய் ஒருமுறை இயக்கிக் கொடுத்தால் போதும்.

குரல் செய்தி டிஸ்லெக்சியா உள்ள பலருக்கு வரம், ஏடிஹெச்டி உள்ள பலருக்குத் தொல்லை. நான்கு நிமிடக் குரல் செய்தியில் மூன்றாவது நிமிடத்தில் சொன்ன முகவரியைத் தேடி எடுப்பதற்குள் வேலை போய்விடும். எல்லாருக்கும் ஒரே ஏற்பாடு என்று வைப்பது இப்படித்தான் உடைகிறது. அவரவரிடம் கேட்டுவிடுவது உத்தமம்.

சத்தம், வெளிச்சம், நாற்றம்

தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. அது காது செவிடாகாமல் காக்கும் வரம்பு. சத்தத்தைச் சகிக்க முடியாதவருக்கு அதற்கு வெகு கீழேயே தலை கனக்கத் தொடங்கும், பிழை வரும். மீன்வலை செய்யும் கம்பெனியின் இயந்திர இரைச்சல் ஒரே சீராக இருப்பதால் சிலருக்குப் பழகிவிடுகிறது. திடீரென்று வருவதுதான் அடிக்கிறது: ஜெனரேட்டர் எடுக்கும் சத்தம், ஷட்டர் இழுப்பது, பக்கத்துத் திருவிழாவின் குழாய் ஸ்பீக்கர், ஆனி ஆடிச் சாரலில் தகரக் கூரை மேல் விழும் மழை. இவற்றில் பாதிக்கு மேல் முன்கூட்டித் தெரிந்தவை. கோயில் கொடை, சர்ச் திருவிழா எந்தத் தேதி என்பது ஊருக்கே தெரியும். அந்த நாள்களில் அவருடைய வேலையை உள்அறைக்கோ காலை நேரத்துக்கோ மாற்றி, நாள்காட்டியில் முதலிலேயே குறித்துவிடலாம்.

பஞ்சு நுரைக் காதடைப்பான் சில ரூபாய்தான். ‘கொடுத்தோம், பலனில்லை’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அதைக் காது வாசலில் ஒட்டவைத்தவர்கள். விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மறுகையால் காதின் மேல்பகுதியை மேலே பின்னுக்கு இழுத்து, உள்ளே விட்டு, விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். தலைக்கு மேல் மாட்டும் வகை நம் ஊர் வேர்வையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்காது. காதடைத்தவருக்கு வண்டி ஹாரனும் அபாய மணியும் சரியாகக் கேட்காது. சரக்கு வண்டி ஓடும் தடத்தில் அவரை நிறுத்தக் கூடாது, மணியோடு விளக்கும் எரிய வேண்டும். இதை மறந்துவிட்டுக் காதடைப்பான் கொடுப்பது உதவியை விபத்தாக்கும்.

சோக் வைத்த பழைய குழல்விளக்கு நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. எல்லார் கண்ணுக்கும் தெரியாது. சிலருக்குத் தலைவலியாகத் தெரியும். எல்இடி மாற்றினால் தீரும் என்று சொல்ல முடியாது. மலிவான எல்இடியும் துடிக்கும். கைப்பேசி கேமராவை ஸ்லோமோஷனில் வைத்து விளக்கைப் படம்பிடித்தால், துடிப்பு இருந்தால் பட்டை பட்டையாக ஓடும். அந்த மேசைக்கு மேல் உள்ள ஒரே ஒரு விளக்கை மாற்றினால்கூடப் போதும், முழுக் கூடத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

அண்டி ஆபீசில் வறுக்கும் புகையும் முந்திரி ஓட்டில் கசியும் எண்ணெயும் எல்லாருக்குமே கஷ்டம். தோல் உணர்வு கூர்மையாக உள்ளவர் கையுறையையும் தாங்க மாட்டார், எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோவதையும் தாங்க மாட்டார். அவரை ஓடு உடைக்கும் பக்கம் வைத்துப் போராடுவதைவிட, தோலுரிக்கவோ பொதியவோ அனுப்புவது இருவருக்கும் நல்லது. துணிக்கடைகளில் சீருடைத் துணி இதே சிக்கல். பாலியெஸ்டர் சட்டையின் காலர் சீட்டு நாள் முழுக்க உறுத்தும் ஒருவருக்கு அதே நிறத்தில் பருத்திச் சட்டை அனுமதித்தால் செலவு ஒன்றுமில்லை.

நேரம்

ஏடிஹெச்டி உள்ளவர் தாமதமாக வருவது அலட்சியத்தால் என்று முடிவுகட்டுவது எளிது. நேரம் கடப்பதை உள்ளுக்குள் உணர்வதே அவருக்குச் சிக்கல். கூலியைப் பிடித்தால் வருத்தப்படுவார், மறுநாளும் தாமதிப்பார். வேலைக்கு அது அவசியமில்லையென்றால் தொடக்க நேரத்தை 9 முதல் 9.30 வரை என்று அகலப்படுத்தி, மாலையில் ஈடுகட்டச் சொல்லலாம். கடை திறக்கும் சாவி அவர் கையில் இருக்கக் கூடாது. நீண்ட வேலையை ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்று கொடுத்தால் வியாழன் இரவுதான் தொடங்கும். செவ்வாய் மதியம் முதல் பகுதி, புதன் மாலை இரண்டாம் பகுதி என்று இடைக்கெடு வைத்து, அந்த நேரத்தில் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். பார்க்க வராத இடைக்கெடு கெடுவே அல்ல. பக்கத்தில் இன்னொருவர் அமைதியாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தாலே இவர் வேலையும் ஓடும்; கணக்கு முடிக்கும் நாளில் இருவரை ஒரே மேசையில் உட்கார வைப்பது இதனால்தான் பலன் தருகிறது.

மருந்து விஷயத்தில் முதலாளி தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏடிஹெச்டிக்குப் பரவலாகத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவில் ‘ஷெட்யூல் எக்ஸ்’ பட்டியலில் இருக்கிறது. மருத்துவர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். விற்கத் தனி உரிமமும் வேண்டும். தெருமுனைக் கடையில் கிடைக்காது. மாதத்தில் அரை நாளாவது நகரத்துக்குப் போய் அலைய வேண்டியிருக்கும். அந்த அரை நாளை விடுப்புத் தகராறாக்காமல் முன்பே ஒத்துக்கொண்டால், மருந்து தீர்ந்துபோய் அவர் தடுமாறும் வாரமும் வராது.

ஆட்டிசம் உள்ளவருக்கு நேரச் சிக்கல் வேறு வடிவம். ஷிப்ட் மாற்றம், இட மாற்றம், மேலாளர் மாற்றம் முதல்நாளே எழுத்தில் தெரிய வேண்டும். தவிர்க்க முடியாத திடீர் மாற்றமானால் மூன்று செய்தி சொல்லுங்கள்: என்ன மாறியது, எது மாறவில்லை, எப்போது பழையபடி ஆகும். கனமழை எச்சரிக்கை வந்தால் கடை திறக்குமா என்பதை இரவு 9 மணிக்குள் ஒரே ஒருவர் ஒரே ஒரு குழுவில் சொல்ல வேண்டும். ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்லும் வாட்ஸ்அப் குழு யாருக்குமே உதவாது.

மாற்றம் எல்லாருக்கும் எதிரியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தோவாளைப் பூச்சந்தையின் விடிகாலைப் பரபரப்பு, குளச்சல் மீன் ஏலக்கூடத்தின் கூச்சல், மணிக்கொரு புது வேலை: ஏடிஹெச்டி உள்ள சிலர் அங்கேதான் மின்னுகிறார்கள். ஆட்டிசம் என்றால் கணினி, டிஸ்லெக்சியா என்றால் ஓவியம் என்று அளந்து வைப்பது இன்னொரு மூடநம்பிக்கை.

ஆள் எடுக்கும்போது

இந்த மாவட்டத்தில் சிறு நிறுவன வேலை பெரும்பாலும் தெரிந்தவர் சொல்லித்தான் கிடைக்கிறது. அப்பாவோ அண்ணனோ கூட வருவார். முதலாளி எதிரே, பையன் பக்கத்தில் இருக்கும்போதே, “இவனுக்கு சின்ன வயசுலேருந்தே இப்படி, நீங்கதான் பாத்துக்கணும் சார்” என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். நல்லெண்ணம்தான், ஆனால் வேலைக்கு வந்திருப்பவர் வயது வந்தவர், தன் நிலையை யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது அவர் முடிவு. முதலாளி செய்யத்தக்கது, வீட்டாருக்கு டீ சொல்லி வெளியே உட்காரவைத்துவிட்டு அவரிடம் நேரடியாக இரண்டு கேள்வி கேட்பது: வேலை நன்றாக நடக்க உங்களுக்கு என்ன வேண்டும்? இதை இங்கே யார் யார் தெரிந்துகொள்ளலாம்? பதிலை எழுதி இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு சின்னப் பிரச்சினைக்கெல்லாம் வீட்டுக்குப் போன் போடும் பழக்கமும் நிற்க வேண்டும். ஆபத்து நேரத்தில் யாருக்குச் சொல்வது என்று அவரே ஓர் எண் தருவார்.

‘உங்களப் பத்திச் சொல்லுங்க’ என்று தொடங்கும் நேர்காணல் பேச்சுத் திறமையைத்தான் அளக்கும். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, பதில் வர நேரமாகிறது என்பதெல்லாம் பில்லிங் வேலைக்குச் சம்பந்தமில்லாதவை. கேள்விகளை முதல்நாள் அனுப்பிவிட்டு, கூலியுடன் இரண்டு நாள் உண்மையான வேலையைக் கொடுத்துப் பாருங்கள். நாகர்கோவிலில் உள்ள சிறு மென்பொருள் நிறுவனங்களுக்கு இது இன்னும் பொருந்தும்: வெள்ளைப் பலகை முன்னால் ஐந்து பேர் பார்க்க நிரல் எழுதச் சொல்வதைவிட, வீட்டில் இரண்டு மணி நேரம் செய்த சிறு பணி அதிகம் சொல்லும். வேலைக்கு எடுத்த பிறகு, கூட்டத்துக்கு முன் பேசுபொருள் பட்டியலும், பின் யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது என்ற மூன்று வரியும் போதும்.

திட்டும்போதும் உடையும்போதும்

நம் ஊர்ப் பேச்சில் கேலியும் குத்தலும் அதிகம். “நல்லா செய்திருக்கே போ” என்றால் கெடுத்துவிட்டாய் என்று அர்த்தம். ஆட்டிசம் உள்ளவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு மறுபடி அப்படியே செய்வார். அப்புறம் உண்மையான திட்டு விழும்போது, நேற்று நன்றாயிருந்தது இன்று எப்படித் தப்பாயிற்று என்று குழம்புவார். தவறை அன்றே, தனியே, பொருளைக் கையில் வைத்துச் சொல்ல வேண்டும்: ‘இந்தக் கட்டில் 50 இருக்க வேண்டும், 48 இருக்கிறது, கட்டுவதற்கு முன் ஒருமுறை எண்ணுங்கள்.’ சரியாகச் செய்ததையும் அதே அளவு குறிப்பாகச் சொல்லுங்கள்.

சத்தமும் அவசரமும் மாற்றமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் நாளில் சிலர் கத்தலாம், அழலாம், தலையை அடித்துக்கொள்ளலாம். சிலர் பேச்சே வராமல் உறைந்துவிடுவார்கள். இரண்டாவதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு. கூட்டத்தைக் கலைத்து, விளக்கைக் குறைத்து, தொடாமல், ‘பின் அறையில் உட்காரலாம்’ என்று ஒரே வாக்கியம் சொல்லுங்கள். ‘என்னாச்சு, ஏன், யாரு என்ன சொன்னா’ என்ற கேள்விகள் அப்போது வேண்டாம். அரை மணி நேரம், சில வேளை அதற்கும் மேல் ஆகும். மறுநாள் அமைதியாக இருக்கும்போது முந்தைய இரண்டு மணி நேரத்தில் என்னென்ன நடந்தது என்று சேர்ந்து எழுதிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் கிடைக்கும். பின் அறை என்பது சரக்கு அடைத்த இருட்டுக் கிடங்காக இருக்கக் கூடாது. ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, மூடும் கதவு. உட்கார இருக்கை தருவதைத் தமிழ்நாடு கடைகள் சட்டமே 2021 திருத்தத்தில் கட்டாயமாக்கிவிட்டது. ஆகவே நாற்காலி சலுகை அல்ல.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 21 வகைகளில் ஆட்டிசமும், டிஸ்லெக்சியா, டிஸ்கால்குலியா, டிஸ்பிராக்சியா அடங்கிய குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு. ஏடிஹெச்டி தனி வகையாக இல்லை. அது மட்டும் உள்ளவருக்குச் சான்று கிடைப்பது சிரமம். நியாயமான மாற்றங்களைச் செய்ய மறுப்பதையும் பாகுபாடு என்றே சட்டத்தின் வரையறை சொல்கிறது. 21-ஆம் பிரிவு ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட்டு மாநில ஆணையரிடம் பதிய வேண்டும் என்கிறது. 2017 விதிகளின்படி 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனம் தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். ஒரு நடுத்தர அண்டி ஆபீசோ துணிக்கடையோ இந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரையும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம். அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீட்டில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து. அதற்கு 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று தேவை.

அந்த 40 சதவீதம் இடஒதுக்கீட்டுக்குத்தான். நியாயமான மாற்றம் கேட்க அது நிபந்தனை அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் தெளிவாக்கியது. கையெழுத்துச் சிக்கல் உள்ள ஒருவர் தேர்வில் தான் சொல்வதை எழுதித்தர ஒருவரின் உதவி கேட்ட வழக்கு அது. ஊரில் ‘சர்ட்டிபிக்கேட் 40-க்குக் கீழ, ஒண்ணும் செய்ய முடியாது’ என்று சொல்லித் திருப்பி அனுப்புபவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். யுடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) இணையத்தில் விண்ணப்பித்து அரசு மருத்துவக் குழுவின் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழிகாட்டும்.

ஆறாவது மாதம்

முதல் மாதம் எல்லாம் நன்றாகவே நடக்கும். பிறகுதான் சரியும். அட்டை கிழிந்திருக்கும், புதிதாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். புரிந்துகொண்ட சூப்பர்வைசர் வளைகுடாவுக்குப் போயிருப்பார். ஏற்பாடெல்லாம் அவர் தலையில் மட்டும் இருந்திருக்கும். ‘அவனுக்கு மட்டும் என்ன தனி?’ என்ற முணுமுணுப்பு எழும். அதற்கு அவருடைய மருத்துவ விவரத்தைச் சொல்லிச் சமாதானப்படுத்தக் கூடாது. அட்டை, சந்தேகத் தட்டு, முன்கூட்டிச் சொல்லும் ஷிப்ட் பட்டியல் ஆகியவற்றை மேசையில் எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டால் முணுமுணுப்பு பாதியாகும். மீதிப் பாதிக்கு, ‘ஒவ்வொருத்தருக்கும் வேலைக்கு வேண்டியது கொடுக்கிறோம், உங்களுக்கு என்ன வேணும்?’ என்ற கேள்வி போதும்.

இரண்டு கண்ணிகளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று, இரக்கம் மிகுந்த அக்கா ஒருவர் அவர் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுவது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அவர் ஒன்றும் கற்றிருக்க மாட்டார், அக்கா களைத்திருப்பார். பழக்கும் துணை வேலையைக் காட்டிக் கொடுக்கலாம், கை வைக்கக் கூடாது. இரண்டாவது வாரத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். இன்னொன்று, தரம் பிரிப்பதில் அபாரமாக இருப்பவரைப் பாராட்டாக மேற்பார்வையாளர் ஆக்குவது. பருப்போடு இருந்தவரை ஆள்களோடு விட்டால், அவர் நன்றாகச் செய்த வேலையும் போய், செய்ய முடியாத வேலையும் கெடும். சம்பளம் உயர்த்த வேறு வழி இருக்கிறது: மூத்த தரம்பிரிப்பாளர் என்று தனிப் படிநிலை.

இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ‘எப்படிப் போகுது?’ என்று கேட்டால் ‘நல்லாப் போகுது’ என்றுதான் பதில் வரும். பிழை எண்ணிக்கை, வராத நாள்கள், அட்டையில் பயன்படாத வரி எது என்று கேளுங்கள். திங்கள்கிழமைகளில் அடிக்கடி விடுப்பு, வீட்டில் போய் விழுந்து கிடப்பது, வேலையிடத்தில் மட்டும் எல்லாம் சரி என்றால், அவர் நாள் முழுக்கத் தன்னை அடக்கி நடித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். வேலை நேரத்தையோ ஆள் பழகும் நேரத்தையோ குறைக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் பொருந்தாமல் போவது உண்டு. அப்போது முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, பொருந்தாதது முழு வேலையா, அதில் ஒரு படியா என்பதை. பில் போடுவது நன்றாக வருகிறது, வாடிக்கையாளரிடம் விலை பேசுவது மட்டும் வரவில்லை என்றால் அந்த ஒரு படியைப் பக்கத்து மேசைக்கு மாற்றி, அங்கிருந்து ஒன்றை இங்கே வாங்கலாம். அதற்கும் வழியில்லாமல் அவர் போவதானால், கடைசி நாள் எது, பாக்கிச் சம்பளம் எப்போது, பிஎஃப் தாளில் யார் கையெழுத்து என்பதை எழுத்தில் கொடுங்கள். அனுபவச் சான்றிதழில் அவர் செய்த வேலையும் செய்த காலமும் இருக்கட்டும். அவருடைய நிலையைப் பற்றி ஒரு சொல்லும், அவரே கேட்டாலன்றி, அதில் வரக் கூடாது.